வளைவில் தூக்கும் சக்கரம்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவன் சக்கரம்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் திட்டினார். திட்டு மறந்துபோய்ப் பெயர் தங்கிவிட்டது. பிறகு அவன் ஒரு பிக்கப் வண்டி வாங்கி, கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குக் குழாயும் கம்பியும் டைல்ஸ் பெட்டியும் ஏற்றிப்போகிற தொழிலுக்கு வந்தான். அவனுக்கு வேறென்ன தொழில் பொருந்தும்? உட்கார்ந்து ஒரு காபியை முழுதாகக் குடித்தவன் இல்லை. பாதியில் எழுந்து போய் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு வருவான். அதற்குள் காபி ஆறியிருக்கும். அதற்கும் மனைவியிடம் ஒரு குறை சொல்வான்.

அந்த மாதம் அவனைப் பிடித்து ஆட்டியது வண்டியின் பின்பக்க டிஃப்ரன்ஷியல்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குகிற இரும்பு உருண்டைக்குள் இருக்கிற பல்சக்கரக் கூட்டம் அது. இன்ஜினிலிருந்து வருகிற பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. தார்ச்சாலையில் தங்கமான சாமான். சேற்றில் மட்டும் அதற்குப் புத்தி கெட்டுவிடும். எந்தச் சக்கரம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறதோ, அதற்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும். நல்ல தரையில் ஊன்றி நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஊர் சுற்றுகிற பிள்ளைக்கே எல்லாவற்றையும் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன அல்லவா, அப்படி. அந்தக் கெட்ட பழக்கத்தைத் திருத்தத்தான் லிமிட்டெட் ஸ்லிப் என்று ஒரு வகை இருக்கிறது. சும்மா சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, பலத்தை மற்றதன் பக்கம் தள்ளிவிடும்.

சக்கரத்தின் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. வண்டி ஏறுவதற்கு ஒரு களிமண் பாதை, அதில் ஒரு வளைவு, வளைவின் ஓரத்தில் பள்ளம். வீட்டின் பின்புறம் நடந்து இறங்கப் படிகளும் உண்டு. செங்குத்தான சிமெண்டுப் படிகள், கீழே பெரிய சாலையில் போய் முடியும். மழை இல்லாத நாட்களில் களிமண் பாதை சாதுவாக இருக்கும். மழை பெய்தால் சோப்புப் போட்டதுபோல் ஆகிவிடும்.

முதல் குழந்தை பிறந்தது அப்படி ஒரு மழைநாளில்தான். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்ததும், சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு பறந்து வந்தான். வெறும் வண்டிக்குப் பின்பக்கம் கனம் கிடையாது. வளைவில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. குழந்தை அந்த வண்டியிலேயே பிறந்தது. இந்தக் கதையை அவன் போகிற கடையெல்லாம் சொல்வான். "எம் பொண்ணு வண்டியோட சேந்தே டெலிவரி ஆனவ" என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு வயிறு புண்ணாகும். மகளுக்கு பிக்கப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கும் அதில் பெருமைதான். மனைவி மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததே இல்லை. ஆயிரம் தடவை கேட்டுச் சலித்துவிட்டது போலும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது அவளுக்கு மறுபடியும் நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலமும் கூடவே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"இந்தத் தடவை நான் ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் அன்றிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அலைந்தான்.

முதலில் மணல் லாரி ஓட்டுகிற நண்பனிடம் போனான்.

"இதுக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு யோசனை? உள்ளே இருக்கிற பல்லை எல்லாம் வெல்டு வச்சு ஒட்டிடு. ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும்."

"தார் ரோட்டுல திரும்பும்போது?"

"டயர் கத்தும். கத்தட்டுமே, உனக்கென்ன? உன் பொண்டாட்டி கத்தினா கேக்கிறியா?"

அங்கிருந்து உதிரிபாகக் கடைக்குப் போனான். கடைக்காரர் முழுசாகப் பூட்டிக்கொள்கிற வகையைக் கையில் எடுத்து, குழந்தையைத் தூக்கிக் காட்டுவதுபோல் காட்டினார். வழுக்கினால் இரண்டு சக்கரமும் இறுகிவிடும், மலையே ஏறலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவனுக்கு, வளைவும் அதன் பக்கச் சரிவும் நினைவுக்கு வந்தன. இரண்டு சக்கரமும் சேர்ந்தே வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் அப்படியே நழுவிப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பி உள்ளே போய் வேண்டாம் என்றான். வீட்டுக்கு வந்து போனில் வீடியோ பார்த்தான். முழுக்கப் பல்சக்கரங்களாலான ஒரு வகை இருக்கிறதாம், தேயவே தேயாதாம். உடனே கடைக்குப் போன் போட்டு அதைச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு அதையும் நிறுத்தி வைக்கச் சொன்னான். கடைக்காரர் தன் போனில் இவனுடைய எண்ணை 'மறுபடியும்' என்ற பெயரில் பதிந்து வைத்துக்கொண்டார்.

கடைசிப் புகலிடம் மெக்கானிக். அவன் எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில்தான் கிடப்பான். சக்கரத்துக்கு அவன் முகத்தைவிடப் பாதங்கள்தான் நல்ல பழக்கம். பாதங்களைப் பார்த்துப் பேசினான். பாதங்கள் பதில் சொல்லின.

"பல்லு வச்சது நல்லதுதாண்ணே. ஆனா ஒரு சக்கரம் சுத்தமா அந்தரத்துல தூக்கிடுச்சுன்னா அதுவும் கைவிட்டுடும். தரையில கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் அது வேலை செய்யும். உராயுற பிளேட்டு வச்ச வகைன்னா உள்ளேயே ஸ்பிரிங் போட்டு அழுத்தி வச்சிருக்கும். சக்கரம் தூக்கினாலும் இன்னொண்ணுக்குப் போகும். ஆனா பிளேட்டு தேயும். அதுக்குன்னு தனி ஆயில் ஊத்தணும்."

"இப்ப நான் எதைப் போடட்டும்?"

"உங்க வளைவுல சக்கரம் தூக்குதா, தூக்கலையா? அதைப் பாத்துட்டு வாங்க."

இதைக் கேட்டதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழியெல்லாம் தூக்கும், தூக்காது என்று மாறி மாறி யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி முற்றத்தில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு உதவி என்றான். அவன் அங்குமிங்கும் நடந்தபடி விஷயத்தை விளக்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குட்டி போடப்போறது நான். பூனை மாதிரி சுத்துறது நீங்க" என்றாள். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

காய்ந்த பாதைதான். அவன் வண்டியை ஆமை மாதிரி நகர்த்தி வளைவில் பள்ளத்தை ஒட்டி ஏற்றி நிறுத்தினான். அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெல்லக் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. டயருக்குக் கீழே வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது."

"கொஞ்சமா? நிறையவா?"

"ஒரு கை போகும். அன்னைக்கும் இப்படித்தான் தூக்கிக்கிட்டு நின்னுச்சு."

"என்னைக்கு?"

"இவ பொறந்த அன்னைக்கு. நான் நடந்து வந்தேன்ல. மேலேர்ந்து வரும்போதே பாத்தேன்."

அவன் வண்டியை அணைத்தான். சக்கரம் தூக்குகிறது, ஆகவே பிளேட் வகைதான் என்று தலையின் ஒரு பாதி கணக்குப் போட்டு முடித்துவிட்டது. மறுபாதி அந்த 'நடந்து வந்தேன்ல' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவன் சொல்கிற கதையில் அந்த வரி கிடையாது. அவன் கதையில் குழந்தை வண்டியில் பிறக்கும். வளைவில் நிற்கிற வண்டிக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டவர்களும் இல்லை, அவனாகச் சொன்னதும் இல்லை. அந்தச் சேற்றில், பக்கத்து வீட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள்தான் இறங்கி வந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அதற்குள் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அவன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான். கேட்க வேண்டியதைக் கேட்க முடியாதபோது சாமான் விஷயம் பேசுவது எவ்வளவு சௌகரியம்!

பிளேட் வகையே முடிவாயிற்று. வண்டி மெக்கானிக்கிடம் போனது. அது இருந்த நேரம் முழுக்க சக்கரமும் அங்கேயே இருந்தான். பல்லுக்குப் பல் சரியாகப் பொருந்துகிறதா என்று மெக்கானிக் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றிப் பார்த்தபோது, இவன் மூக்கு அந்தப் பசையில் பட்டுவிட்டது. மெக்கானிக் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க. இல்லைன்னா உங்களையும் சேத்து மூடிப் போல்ட் போட்டுருவேன்."

மாட்டி முடித்ததும், ஒரு வெறும் மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட வேண்டும், அப்போதுதான் பிளேட்டுகள் ஆயிலைக் குடித்துப் படியும் என்றான். "இன்னொரு விஷயம்ணே, ஜாக்கி போடும்போது..." என்று அவன் ஆரம்பிக்கும்போதே சக்கரம் சாவியைத் திருகிவிட்டான். யார் சொன்ன வாக்கியத்தை அவன் கடைசிவரை கேட்டிருக்கிறான்?

மைதானத்தில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எட்டுப் போட்டான். இவ்வளவு மெதுவாக அவன் வண்டி ஓட்டியதே கிடையாது. பிக்கப்புக்குக் குஷி தாங்கவில்லை. "அப்பா, லைசென்ஸ் மறுபடியும் வாங்குறீங்களா?" என்று கேட்டாள். திரும்பி வரும்போது பின்னாலிருந்து மெலிதாக ஒரு உறுமல் கேட்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. மகளுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் கேட்டது. இரண்டு நாள் அந்த உறுமலோடு குடும்பம் நடத்தினான். சாப்பிடும்போது கேட்டது, பல் துலக்கும்போது கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் விட்டேனா பார் என்று இறங்கினான். எந்தச் சக்கரத்துப் பேரிங் உறுமுகிறது என்று கண்டுபிடிக்கத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, காதைப் பின்பக்கம் நீட்டியபடி முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டான். பழைய டிஃப்ரன்ஷியலாக இருந்தால் தூக்கிய சக்கரம் அந்தரத்தில் தன்பாட்டுக்குச் சுற்றியிருக்கும். இது புதுசு. ஒன்று அந்தரத்தில் இருந்தால் மற்றதற்குப் பலத்தைக் கொடு என்பதற்காகவே மாட்டியது. கொடுத்தது. வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துப் பாய்ந்து, துவைக்கிற கல்லை இடித்துத் தள்ளிவிட்டுச் சுவரில் முட்டி நின்றது.

அந்தக் கல்லில்தான் பிக்கப்பு கொஞ்சம் முன்பு உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை துவைத்துக்கொண்டிருந்தாள். தலை வாரிக்கொள்ள வா என்று அம்மா கூப்பிட்டதால் எழுந்து போயிருந்தாள்.

மனைவி கையில் சீப்போடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதி பின்னிய சடையோடு மகள். அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவசரப்பட்டு, உலகத்தில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னான்:

"வண்டி மேல தப்பில்ல. அது அதோட வேலையைத்தான் செஞ்சிருக்கு."

"தெரியுது" என்றாள் அவள்.

திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு அவள் மகளை ஒரு நிமிஷமும் கண்ணைவிட்டு விலக்கவில்லை. சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு என்று கட்டிவைத்திருந்த பெரிய பெட்டியைப் பிரித்து, தோளில் மாட்டுகிற பை ஒன்றில் பாதிச் சாமானை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, கனமா இருந்துச்சு என்றாள்.

மழை தொடங்கியது. அதன்பிறகு அவன் தினமும் ஒரு தடவை வெறும் வண்டியோடு மேட்டை ஏறி இறங்கிப் பார்த்தான். ஏறியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் ஜன்னலில் வந்து பார்த்து, நல்லா ஏறுது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏறுகிறதா என்பதை அல்ல, தன்னை நம்புகிறாளா என்பதைத்தான் அவன் அவள் முகத்தில் தேடினான். அது அங்கே அகப்படவில்லை. டிஃப்ரன்ஷியல் என்றால் கழற்றிப் பார்க்கலாம்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், ஊரின் மறுகோடியில் அவன் டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அவளுக்கு வலி ஆரம்பிச்சிடுச்சு. நாங்க..."

"வந்துட்டேன்க்கா! கிளம்பிட்டேன்! அங்கேயே இருக்கச் சொல்லுங்க, எங்கேயும் அசையக்கூடாது!"

போனை வைத்துவிட்டான். மறுபடி அது அடித்தபோது அவன் கியரை மாற்றிக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை. மிச்சப் பெட்டிகளை இறக்காமலேயே கிளம்பினான். கனம் இருந்தால் நல்லது என்கிற அளவுக்கு அந்த நேரத்திலும் மூளை வேலை செய்தது.

களிமண் பாதை குழம்பாகிக் கிடந்தது. வளைவு வந்தது. பள்ளத்து ஓரத்தில் சக்கரம் தூக்கியது, வண்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு பின்னால் எதுவோ இறுகுவது இருக்கைக்கு அடியில் தெரிந்தது. மறுபக்கத்துச் சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டது. வண்டி அலுங்காமல், கத்தாமல், ஏதோ தினமும் ஏறுகிற மேடு மாதிரி ஏறிவிட்டது. "ஏறிடுச்சுடா!" என்று தனியாகக் கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வீட்டு வாசலில் போய் நின்றான்.

வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில், அக்காவின் கணவருடைய குடைக்குள் பிக்கப்பு நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாவும் பெரியம்மாவும் படி வழியா இறங்கிப் போயிட்டாங்கப்பா. கீழே கார் வரும்னாங்க. உங்களை நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க."

"எப்ப போனாங்க?"

"வலி வந்த உடனே. உங்களை அவசரப்படாம வரச் சொன்னாங்க."

அவன் அந்த மழையில் சும்மா நின்றான். இத்தனை நாள் அலைந்தது, கேட்டது, மாற்றியது, எட்டுப் போட்டது எல்லாம் இந்த மேட்டை ஏறுவதற்கு. ஏறியாகிவிட்டது. மேலே ஆள் இல்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட மறந்து வண்டியைத் திருப்பினான். பிறகு நினைவு வந்து நிறுத்தி, இறங்கிப்போய் அவள் தலையைத் தடவி, இங்கேயே இரு ராஜாத்தி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எப்படி நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் கணவனை உள்ளே விடுவார்கள். பிரசவ அறையில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஈரத்தலை, நெற்றியெல்லாம் வேர்வை. அக்கா எழுந்து அவனுக்கு முக்காலியைக் காட்டிவிட்டு வெளியே போனாள். அவன் உட்கார்ந்தான். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"சத்தம் கேட்டுச்சு. கார் வர நேரமாச்சு, கீழே ரோட்டுல ஏறும்போது கேட்டுச்சு. இந்தத் தடவை டயரு கத்தவே இல்லை."

அடுத்த வலி வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற பிடி. வலி அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். நிறுத்துவாரு, இப்ப நிறுத்துவாரு, நிறுத்திட்டு நடந்து வந்துடுவாருன்னு. சத்தம் நிக்கவே இல்லை. அப்புறம்தான் நான் எறங்கி வந்தேன்."

அவனிடம் அதற்குப் பதில்கள் இருந்தன. இன்னும் கொஞ்சம் முயன்றால் ஏறிவிடும் என்று நினைத்தது, வண்டி இல்லாமல் வந்து என்ன பயன் என்று நினைத்தது. ஒவ்வொன்றாக நாக்குவரை வந்தன. வெட்கமாக இருந்தது.

"வந்திருக்கணும்" என்றான். "வண்டியை விட்டுட்டு நான் வந்திருக்கணும்."

அவள் அவன் கையை விடவில்லை.

கதவு திறந்தது. காவலாளி தலையை நீட்டினார்.

"பிக்கப் வண்டி யாரோடதுங்க? ஆம்புலன்ஸ் வர்ற வழியில குறுக்கே நிக்குது. வந்து எடுங்க."

அவள் பிடி தளர்ந்தது. போய் வருவான் என்று அவளுக்குத் தெரியும். போனால் டயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருவான் என்பதும் தெரியும். அடுத்த வலிக்கு அவள் தனியாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அவன் மறுகையால் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினான்.

"நீங்களே எடுத்து ஓரமா விட்டுடுங்க."

"நானா? எனக்குப் பெரிய பழக்கம் இல்லைங்களே. சுவத்துல கிவத்துல இடிச்சிட்டா?"

"இடிச்சா இடிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் முக்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.